செத்த கணினியா, பொய் சொல்லும் கணினியா? ஒருமித்த முடிவுக்கான முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

2018 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தினர் பழுதடைந்துவந்த ஓர் ஆப்டிகல் கருவியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான பராமரிப்பு வேலைதான். அதன்போது அவர்களுடைய முதன்மைத் தரவு மையத்தின் இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. அந்த 43 நொடிகள் விளைவித்த குழப்பத்தைத் தீர்த்து முடிக்க 24 மணி 11 நிமிடங்கள் ஆயின.

இணைப்பு அறுந்ததும், வெவ்வேறு ஊர்களில் இருந்த மேலாண்மைக் கணினிகள் தமக்குள் வாக்கெடுத்தன. "கிழக்கு போய்விட்டது, இனி மேற்குக் கரையில் உள்ள தரவுத்தளமே முதன்மை" என்று பெரும்பான்மையாக முடிவு செய்தன. விதிப்படி அந்த முடிவில் பிழையே இல்லை. ஆனால் கிழக்கில் கடைசிச் சில நொடிகளில் எழுதப்பட்டவை இன்னும் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இணைப்பு திரும்பியபோது மேற்கில் இல்லாத சில வரிகள் கிழக்கிலும், கிழக்கில் இல்லாத சில வரிகள் மேற்கிலும் இருந்தன. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பேரேடுகள். இரண்டுமே முழு உண்மை இல்லை.

தலைமை யாரிடம் என்பதில் கணினிகள் ஒத்துப்போயின. கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் புதிதாகக் கற்பவர்கள் சறுக்கும் முதல் இடம்.

பல கணினிகள் ஒரே முடிவுக்கு வருவதைப் பொறியாளர்கள் கன்சென்சஸ் என்பார்கள். இங்கே அதை ஒருமித்த முடிவு என்றே சொல்கிறேன். "ராஃப்ட் நல்லதா, பிட்காயின் முறை நல்லதா, எத்தீரியம் முறை நல்லதா?" என்று மாணவர்கள் கேட்கும்போது நான் பதில் சொல்வதில்லை, ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள்? கணினி செத்துப்போகும் என்றா, பொய் சொல்லும் என்றா, அல்லது கணினிக்குப் பின்னால் இருப்பவர் யாரென்றே தெரியாது என்றா? பயம் எது என்று தெளிந்துவிட்டால் முறை ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும்.

ஒரே பெர்த், இரண்டு பயணிகள்

ஒரு ரயிலில் ஒரே ஒரு பெர்த் மீதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஒரே நொடியில் அதைக் கேட்கிறார்கள். முன்பதிவுக் கணக்கு ஒரே கணினியில் இருந்தால் சிக்கலே இல்லை. முதலில் வந்த கோரிக்கைக்கு இடம், அடுத்ததற்குக் காத்திருப்புப் பட்டியல். ஆனால் அந்த ஒரு கணினி நின்றுபோனால் நாடு முழுவதும் கவுன்ட்டர் மூடிக்கிடக்கும்.

சரி, சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று என இரண்டு கணினிகள் வைப்போம். இரண்டுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? இரண்டும் தொடர்ந்து டிக்கெட் கொடுத்தால் ஒரே பெர்த்தில் இருவர் உட்காருவார்கள். இரண்டும் நின்றுவிட்டால் இரண்டாவது கணினி வாங்கியதில் பயனே இல்லை. "மற்றது பேசவில்லை என்றால் நானே முதன்மை" என்று ஒவ்வொன்றும் நினைக்கும். இரண்டும் நினைக்கும் என்பதுதான் ஆபத்து.

மூன்றாவதாகத் திருச்சியில் ஒன்றை வைத்ததும் நிலைமை மாறுகிறது. மூன்றில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் டிக்கெட் என்று விதி செய்துவிடலாம். இணைப்பு எங்கே அறுந்தாலும் ஒரு பக்கத்தில்தான் இரண்டு கணினிகள் இருக்க முடியும். அந்தப் பக்கம் வேலையைத் தொடரும், தனித்து நிற்கும் கணினி கையைக் கட்டிக்கொண்டிருக்கும். சங்கக் கூட்டங்களில் "கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்பார்களே, அதே விதிதான்.

இதில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. மூன்று பேரில் எந்த இருவரைத் தேர்ந்தெடுத்தாலும், வேறெந்த இருவரைத் தேர்ந்தெடுத்தாலும், இரண்டு குழுக்களிலும் குறைந்தது ஒருவர் பொதுவாக இருப்பார். நேற்று எடுத்த முடிவைத் தெரிந்த ஒருவர் இன்றைய கூட்டத்தில் கட்டாயம் இருப்பார் என்று இதற்குப் பொருள். இந்தத் துறையில் உள்ள பெரும்பாலான முறைகள் இந்த ஒரே கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

மூன்று கணினிகள் இருந்தால் ஒன்று போவதைத் தாங்கலாம். ஐந்து இருந்தால் இரண்டு. நான்கு இருந்தால்? பெரும்பான்மைக்கு மூன்று தேவை, ஆகவே ஒன்று போவதை மட்டுமே தாங்கும். நான்காவது கணினி செலவைக் கூட்டுகிறது, பாதுகாப்பைக் கூட்டவில்லை. இந்த அமைப்புகளில் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

கணினி சாகலாம், பொய் சொல்லாது என்றால்

உங்கள் அலுவலகத்துக் கணினிகளை நீங்களே வாங்கி, நீங்களே மென்பொருள் ஏற்றி, நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள். அவை நின்றுபோகலாம், மின்சாரம் இல்லாமல் அணையலாம், இணைப்பு அறுந்து தனித்துப்போகலாம். ஆனால் வேண்டுமென்றே பொய்க் கணக்குக் காட்டாது. இந்த நம்பிக்கை உங்களுக்கு இருந்தால் பாக்ஸோஸ் அல்லது ராஃப்ட் போதும்.

பாக்ஸோஸை வகுத்தவர் லெஸ்லி லாம்போர்ட். பாக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவின் பழங்கால நாடாளுமன்றம் பற்றிய கற்பனைக் கதையாக அவர் எழுதி 1990-ல் அனுப்பிய கட்டுரை 1998-ல்தான் அச்சேறியது. கணிதமாக அது அசைக்க முடியாதது. ஆனால் படிப்பவர்களுக்குக் கடினமாக இருந்தது. அதை வைத்து மென்பொருள் எழுதுவது இன்னும் கடினமாக இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் டியேகோ ஓங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் "புரிய வேண்டும்" என்பதையே முதல் குறிக்கோளாக வைத்து 2014-ல் ராஃப்டை வெளியிட்டார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 43 மாணவர்களுக்கு இரண்டு முறைகளையும் கற்பித்துத் தேர்வு வைத்தார்கள். 33 பேர் ராஃப்ட் பற்றிய கேள்விகளுக்கே நன்றாக விடையளித்தார்கள். ஒரு வழிமுறையின் தரத்தை மனிதருக்குப் புரிகிறதா என்று சோதித்துப் பார்த்த அந்த மனப்பாங்கின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. புரியாத ஒன்றை நள்ளிரவில் பழுதுபார்க்க யாராலும் முடியாது.

ராஃப்ட் வேலை செய்யும் விதம் இதுதான். கணினிகளில் ஒன்று தலைவர். எழுத வேண்டியது எதுவானாலும் தலைவரிடம் போகும். தலைவர் அதைத் தன் பதிவேட்டில் குறித்து மற்றவர்களுக்கு அனுப்புவார். தன்னையும் சேர்த்துப் பெரும்பான்மையினர் எழுதிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் "முடிந்தது" என்று பயனாளருக்குச் சொல்வார். இடையிடையே "நான் இருக்கிறேன்" என்று எல்லோருக்கும் சிறு செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பார். அந்தச் செய்தி சிறிது நேரம் வராவிட்டால், காத்திருந்து பொறுமையிழந்த ஒரு கணினி தேர்தலுக்கு நிற்கும். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் காத்திருப்பு நேரமும் குலுக்கல் முறையில் வேறுபடும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பதவிக்கால எண் உண்டு. இணைப்பு அறுந்து தனியே கிடந்த பழைய தலைவர் திரும்பி வரும்போது, தன்னுடையதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்ததும் பேசாமல் பதவியிலிருந்து இறங்கிவிடுவார்.

பல கணினிகளில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் தன் நினைவு முழுவதையும் வைத்திருக்கும் எட்சிடி, தரவுத்தளங்களில் காக்ரோச்டிபி, டைடிபி எல்லாம் ராஃப்டின் மேல் ஓடுபவை. கூகுளின் ஸ்பேனர் பாக்ஸோஸின் மேல் ஓடுகிறது.

கிட்ஹப் தன் தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரியையும் இரு கரைகளும் ஒப்புக்கொண்ட பிறகே எழுதியிருக்கலாமே என்று தோன்றும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் சுமார் 4,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 40 மில்லிநொடி. எவ்வளவு பணம் கொட்டினாலும் அதற்குக் கீழே குறைக்க முடியாது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்த 40 மில்லிநொடியைக் கொடுக்கத் தயாரா என்பதுதான் கேள்வி. உடனடி வேகம் வேண்டும் என்று பலர் "பிறகு நகலெடுத்துக்கொள்ளலாம்" என்ற வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தவறான தேர்வு இல்லை. ஆனால் கடைசிச் சில நொடிகள் காணாமல் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டு செய்த தேர்வு என்று தெரிந்து செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் 1985-ல் ஒரு முடிவை நிறுவினார்கள். செய்தி வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று எந்த வரம்பும் இல்லாத வலையமைப்பில், ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்றாலே, எப்போதும் கட்டாயம் முடிவுக்கு வந்துசேரும் என்று உறுதி தரும் திட்டவட்டமான வழிமுறை இருக்கவே முடியாது. காரணம் எளியது: பதில் வராத கணினி செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஆகவே நடைமுறை முறைகள் எல்லாம் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கின்றன. வலையமைப்பு பெரும்பாலான நேரம் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன, அல்லது குலுக்கலை நாடுகின்றன. ராஃப்ட் இரண்டையும் செய்கிறது. சிக்கலான நேரத்தில் அது முடிவெடுக்காமல் நிற்கக்கூடும். தவறான முடிவை எடுக்காது.

கணினி பொய் சொல்லும் என்றால்

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில், நாசாவின் உதவியோடு, விமானத்தைக் கட்டுப்படுத்தும் கணினிகள் பற்றிய ஆய்வு நடந்தது. ஒரு கணினி பழுதானால் மற்றவை விமானத்தைக் காக்க வேண்டும். ஆனால் பழுதான கருவி அமைதியாக நிற்பதில்லை. ஒரு கணினிக்கு ஓர் அளவையும் மற்றொன்றுக்கு வேறோர் அளவையும் சொல்லிக்கொண்டிருக்கும். இந்தச் சிக்கலை மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லாம்போர்ட் மூவரும் ஆராய்ந்தார்கள். 1982-ல் அதை ஒரு நகரைச் சுற்றிவளைத்த பைசாண்டியப் படைத்தலைவர்களின் கதையாகச் சொன்னார்கள். சில தலைவர்கள் துரோகிகள். ஒருவரிடம் "தாக்கு" என்றும் மற்றவரிடம் "பின்வாங்கு" என்றும் தூது அனுப்புவார்கள். அன்றுமுதல் இருமுகம் காட்டும் பழுதுக்குப் பைசாண்டைன் பழுது என்றே பெயர்.

இத்தகைய ஒன்றைத் தாங்க மூன்று கணினிகள் போதாது, நான்கு வேண்டும். ஏன் என்பதைத் தாளில் எழுதிப் பார்க்காமலேயே விளங்கிக்கொள்ளலாம். நான்கில் ஒன்று கெட்டது என்று வைத்துக்கொள்வோம். கெட்டது வாயே திறக்காமல் இருந்துவிடலாம். ஆகவே மூன்று பதில்கள் வந்ததும் முடிவெடுத்தாக வேண்டும். ஆனால் பேசாதிருந்த நான்காவது, மெதுவான இணைப்பில் மாட்டிக்கொண்ட நல்ல கணினியாகவும் இருக்கலாம். அப்படியானால் கையில் உள்ள மூன்றில் ஒன்று பொய். இரண்டு மெய், ஒரு பொய், மெய் வெல்லும். மொத்தமே மூன்று கணினிகள் என்றால் இரண்டு பதில்களோடு முடிவெடுக்க வேண்டிவரும். ஒன்று மெய், ஒன்று பொய், எது எது என்று சொல்ல ஆளில்லை. இரண்டு பொய்யர்களைத் தாங்க ஏழு, மூன்று பொய்யர்களைத் தாங்கப் பத்து என்று இந்தக் கணக்கு வளரும். சுருக்கமாக, கெட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடக் கூடாது.

1999-ல் மிகுவேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் இதை நடைமுறை வேகத்தில் செய்து காட்டினார்கள். பிபிஎஃப்டி என்று அழைக்கப்படும் அந்த முறையில் தலைவர் சொன்னதை அப்படியே யாரும் ஏற்பதில்லை. "உனக்கும் இதையேதான் சொன்னாரா?" என்று எல்லோரும் எல்லோரிடமும் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். நான்கு பேர் என்றால் பேச்சு விரைவில் முடியும். நூறு பேர் என்றால் ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய 10,000 செய்திகள் பறக்கும். ஆகவே அதன் மூல வடிவம் சிறு குழுக்களுக்கே பொருந்தும். டெண்டர்மின்ட், ஹாட்ஸ்டஃப் போன்ற பிற்கால முறைகள் இந்தப் பரம்பரையில் வந்தவை.

பொய் என்றதும் கெட்ட எண்ணம் கொண்ட மனிதரை மட்டும் நினைக்க வேண்டாம். 2020 நவம்பர் 2 அன்று, இணையதளங்களைப் பாதுகாக்கும் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஒரு தரவு மையத்தில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் பாதி உயிரோடு இருந்தது. எட்சிடி ஓடிய மூன்று கணினிகளில் ஒன்றால் தலைவரோடு பேச முடியவில்லை, மூன்றாவதோடு பேச முடிந்தது. அது திரும்பத் திரும்பத் தேர்தல் கேட்டுக்கொண்டே இருந்தது, தலைமை நிலைகொள்ளாமல் ஆடியது. வாடிக்கையாளர்கள் தங்கள் அமைப்புகளை மாற்றும் டாஷ்போர்டு என்னும் இணையப் பலகை ஆறரை மணி நேரம் பாதிக்கப்பட்டது. யாருக்கும் தீய எண்ணம் இல்லை. ஒரு சுவிட்ச் ஒருவருக்கு ஒரு முகமும் இன்னொருவருக்கு வேறு முகமும் காட்டியது, அவ்வளவுதான்.

யாரென்றே தெரியாது என்றால்

இதுவரை பார்த்த முறைகளில் வாக்காளர் பட்டியல் ஒன்று முன்கூட்டியே இருந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்துவைத்தால் பெரும்பான்மை என்ற சொல்லே பொருளிழந்துவிடும். ஒரே ஆள் ஆயிரம் பெயர்களில் வந்து கள்ள ஓட்டுப் போடலாம். இணையத்தில் பெயர் உருவாக்கக் காசு செலவில்லை.

2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளிவந்த பிட்காயின் கட்டுரை இதற்கு வழி சொன்னது. ஆளுக்கு ஒரு வாக்கு வேண்டாம், உழைப்புக்கு வாக்கு கொடுப்போம். சிந்தியா டுவோர்க்கும் மோனி நாவோரும் 1992-லும், ஆடம் பேக் 1997-லும் குப்பை மின்னஞ்சலைத் தடுக்க முன்வைத்த யோசனையின் வளர்ச்சி அது. கணினிக்கு ஒரு புதிர். ஒரு பக்கம் அளவு கணக்குகளோடு ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து ஹாஷ் என்னும் கணிப்பைச் செய்ய வேண்டும். கிடைக்கும் விடை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். எந்த எண் பொருந்தும் என்று ஊகிக்க வழியில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. கண்டுபிடிக்கக் கோடானுகோடி முயற்சிகள் தேவை, சரிபார்க்க ஒரே கணிப்பு போதும். இதுவே புரூஃப் ஆஃப் வொர்க், உழைப்புச் சான்று. பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருவர் வெல்வார். வென்றவரின் பக்கம் (பிளாக்) முந்தைய பக்கத்தோடு கோக்கப்படும்; இப்படி நீளும் பக்கங்களின் வரிசைதான் பிளாக்செயின் எனப்படும் சங்கிலி. போட்டியாளர்கள் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பத்து நிமிடம் மாறாமலிருக்க, 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை புதிரின் கடினம் திருத்தப்படும்.

இருவர் ஒரே நேரத்தில் வென்றால் சங்கிலி கிளைக்கும். அதிக உழைப்புச் சேர்ந்த கிளையை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்பது விதி. ஆகவே இங்கே "முடிந்தது" என்ற சொல்லுக்கு ராஃப்டில் உள்ள உறுதி கிடையாது. ஒரு பக்கத்தின் மேல் பக்கங்கள் சேரச் சேர, அது புரட்டப்படும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், ஒருபோதும் பூச்சியமாகாது. பெரிய தொகைக்கு ஆறு பக்கங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம், காத்திருக்கும் வழக்கம் இதனால் வந்தது.

உழைப்பில் பாதிக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் அவர் பழைய பக்கங்களைத் தனக்குச் சாதகமாக மாற்றி எழுதலாம். 2018 மே மாதத்தில் பிட்காயின் கோல்டுக்கும், 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் எத்தீரியம் கிளாசிக்குக்கும் இது நேர்ந்தது. புதிதாகச் சங்கிலி தொடங்க நினைப்பவர்கள் இந்த நிகழ்வுகளைக் கட்டாயம் படிக்க வேண்டும். அந்தச் சங்கிலிகளின் வழிமுறை உடைந்துவிடவில்லை. சிறிய சங்கிலியைத் தாக்கத் தேவையான கணிப்புத் திறன் வாடகைக்கே கிடைத்துவிடும் அளவுக்கு இருந்தது. "நாங்களும் பிட்காயின் முறையைத்தான் பயன்படுத்துகிறோம்" என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. அங்கே மலையளவு மின்சாரம் எரிவதுதான் பாதுகாப்பு. அதே விதியைச் சிறு சங்கிலியில் வைத்தால் பூட்டின் வடிவம் மட்டும் கிடைக்கும், இரும்பு கிடைக்காது.

மின்சாரத்துக்குப் பதில் பணத்தையே பிணையாக வைத்தால் என்ன என்பது அடுத்த யோசனை. புரூஃப் ஆஃப் ஸ்டேக், பங்குச் சான்று. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று இதற்கு மாறியது. அதன் மின்சாரச் செலவு 99 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. சரிபார்ப்பாளராகச் சேர, எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32 கட்ட வேண்டும். 12 நொடிக்கு ஒருமுறை ஒருவர் குலுக்கலில் தேர்வாகிப் புதிய பக்கத்தை முன்வைப்பார், மற்றவர்கள் வாக்களிப்பார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு வெவ்வேறு பக்கங்களை முன்வைத்து இருமுகம் காட்டினால் கட்டிய பணத்தில் ஒரு பகுதி பறிபோகும், ஆளும் வெளியேற்றப்படுவார். மூன்றில் இரண்டு பங்கு பிணையின் ஒப்புதல் கிடைத்ததும், வழக்கமாக ஏறக்குறைய 15 நிமிடத்தில், கணக்கு உறுதியாகிவிடும். பைசாண்டியப் படைத்தலைவர்களின் அதே மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு கணக்கு இங்கேயும் திரும்பி வருவதைக் கவனியுங்கள். தலைகளை எண்ணிய இடத்தில் இப்போது பணம் எண்ணப்படுகிறது.

இதற்கும் விலை உண்டு. பணம் உள்ளவரிடம் வாக்கு குவியும். தனியாகக் கணினி வைத்துப் பராமரிக்க முடியாதவர்கள் தங்கள் பிணையைப் பெரிய சேவைகளிடம் ஒப்படைப்பதால் அங்கே இன்னும் குவியும். மின்சாரத்தை எரிக்கும் முறையை நான் விரும்புவதில்லை. ஆனாலும் இந்தக் குவிப்பைச் சிறிய குறையாகத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

நிற்பதா, தொடர்வதா

திறந்த சங்கிலிகளிலும் ஒரு தேர்வு இருக்கிறது, விளம்பரங்களில் இது வெளியே வராது. பாதிப் பேர் காணாமல் போனால் அமைப்பு என்ன செய்ய வேண்டும்?

டெண்டர்மின்ட் குடும்பம் நின்றுவிடும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒப்புதல் இல்லையென்றால் அடுத்த பக்கமே கிடையாது. எழுதியது எதுவும் புரளாது, ஆனால் எழுதவும் முடியாது. பிட்காயின் இதற்கு நேர்மாறு. உலகம் இரண்டாகப் பிளந்தாலும் இரண்டு பகுதியும் எழுதிக்கொண்டே போகும். மீண்டும் இணையும்போது ஒரு பகுதியின் எழுத்து அழியும். எத்தீரியம் நடுவழி. 2023 மே 11, 12 தேதிகளில் சில மென்பொருள்கள் சுமை தாங்காமல் திணறியதால் போதிய வாக்குகள் வரவில்லை. புதிய பக்கங்கள் வந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் உறுதியாவது நின்றுபோனது. முதல் நாள் அரை மணிக்குள் சரியானது, மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இத்தகைய நிலை நீண்டால் வராதவர்களின் பிணை சிறிதுசிறிதாகக் கரைந்து, வந்திருப்பவர்களே மூன்றில் இரண்டு பங்காகும்வரை குறைக்கப்படும் என்று அதன் விதியிலேயே எழுதியிருக்கிறது.

பணப் பரிமாற்றத்தை முடித்துவைக்கும் அமைப்புக்கு நான் நிற்பதையே தேர்ந்தெடுப்பேன். தவறாகப் போன பணத்தைத் திரும்பப் பெறுவதைவிட அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது எளிது.

தெரிந்தவர்கள்தான், ஆனால் நம்ப முடியாது

பத்து வங்கிகள் சேர்ந்து ஒரு பொதுப் பேரேடு வைக்க நினைத்தால்? எல்லோரும் பெயர் தெரிந்தவர்கள், ஆகவே உழைப்புச் சான்று தேவையில்லை. ஒருவர் கணக்கை மற்றவர் திருத்திவிடுவாரோ என்ற பயம் உண்டு, ஆகவே ராஃப்ட் போதாது. பிபிஎஃப்டி பரம்பரை இதற்காகவே பிறந்தது போலப் பொருந்தும். ஆனால் ஓர் எச்சரிக்கை. நிறுவனங்கள் விரும்பி எடுக்கும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில் பல ஆண்டுகளாகப் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் பகுதி ராஃப்டில் ஓடியது. 2024-ல் வந்த 3.0 பதிப்பில்தான் பைசாண்டைன் பழுதைத் தாங்கும் முறை அதில் சேர்ந்தது. பிளாக்செயின் என்ற பெயர் இருப்பதாலேயே பொய்யரைத் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே எது ஓடுகிறது என்று கேளுங்கள்.

எண்ணிக்கை மட்டும் பார்ப்பதும் போதாது. விளையாட்டு ஒன்றுக்காக இயங்கிய ரோனின் என்ற சங்கிலிக்கும் எத்தீரியத்துக்கும் இடையே பணத்தைக் கொண்டுசெல்லும் பாலத்தில் ஒன்பது சரிபார்ப்பாளர்கள் இருந்தார்கள். ஐந்து பேர் கையெழுத்திட்டால் பணம் வெளியே போகும். தாளில் பார்த்தால் ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் ஒன்பது சாவிகளில் நான்கு ஒரே நிறுவனமான ஸ்கை மேவிஸின் இடுப்பில் இருந்தன. ஐந்தாவதான இன்னோர் அமைப்பு, வேலைப்பளுவின்போது தன் சார்பில் கையெழுத்திட அதே நிறுவனத்துக்கு அனுமதி தந்திருந்தது. தேவை முடிந்த பிறகும் அந்த அனுமதி நீக்கப்படவில்லை. 2022 மார்ச் 23 அன்று ஒரே நிறுவனத்துக்குள் புகுந்த திருடர்களுக்கு ஐந்து சாவிகளும் கிடைத்தன. 1,73,600 ஈத்தரும், டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்ட யுஎஸ்டிசி நாணயங்கள் 2.55 கோடியும் போயின. ஆறு நாள் கழித்து ஒரு பயனாளர் பணம் எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகே விஷயம் தெரிந்தது. ஒன்பது என்ற எண் பொய். உண்மையில் அங்கே தனித்தனியாக இருந்தவை மிகச் சில.

இது திருட்டுக்கு மட்டும் உரிய பாடமும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு குழுவில் மூன்று கணினிகளை முறையாக அமைத்திருந்தோம். ஒருநாள் மூன்றும் ஒரே நொடியில் அணைந்தன. மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகப்பட்டிருந்தன. ராஃப்டின் கணக்கு, ஒன்று போவதற்கும் மற்றொன்று போவதற்கும் தொடர்பில்லை என்று நம்பி எழுதப்பட்டது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியது நாம்தான்.

ஆகவே தேர்ந்தெடுக்க உட்காரும்போது வழிமுறைகளின் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, பங்கேற்பவர்களின் பட்டியலை எழுதுங்கள். எல்லாக் கணினிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் என்றால் ராஃப்ட். அதையும் நீங்களே எழுதாமல் எட்சிடி போன்ற பழகிய ஒன்றை எடுங்கள். சில நிறுவனங்கள், தெரிந்த பெயர்கள், ஒருவர்மேல் ஒருவருக்கு ஐயம் என்றால் பைசாண்டைன் பழுதைத் தாங்கும் முறை. ஒவ்வொரு சாவியும் உண்மையிலேயே வேறு கையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். யாரும் வரலாம் என்றால் பங்குச் சான்றோ உழைப்புச் சான்றோ. அப்போதும் புதிய சங்கிலி தொடங்குவதைவிட ஏற்கெனவே பலமான ஒன்றின் மேல் கட்டுவது பெரும்பாலும் நல்லது.

பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்து, சில நிமிடம் நின்றால் பெரிய நட்டமில்லை என்றால், சாதாரணத் தரவுத்தளமும் ஒழுங்கான பேக்கப்பும் போதும். என்னிடம் வந்த கேள்விகளில் நிறையவற்றுக்கு இதுதான் விடையாக இருந்தது. ஒரு படத்துக்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்ற எண் இரண்டு நொடி பின்தங்கினால் யாருக்கும் குறைவில்லை. அதற்கு வாக்கெடுப்பு எதற்கு?

படித்தது மனத்தில் பதிய வேண்டுமானால் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் மடிக்கணினியிலேயே எட்சிடியின் மூன்று பிரதிகளை ஓடவிட்டு ஓர் எண்ணை எழுதுங்கள். யார் தலைவர் என்று பார்த்து அந்தப் பிரதியை நிறுத்துங்கள். ஓரிரு நொடிகளில் மீதி இரண்டில் ஒன்று தலைமைக்கு வரும், எழுதிய எண் அப்படியே இருக்கும். இப்போது இன்னொன்றையும் நிறுத்திவிட்டு வேறோர் எண்ணை எழுத முயலுங்கள். உயிரோடு இருக்கும் அந்த ஒன்று எழுத மறுக்கும். நிறுத்தியவற்றில் ஏதாவது ஒன்றை மீண்டும் ஓடவிட்டு, அதே எண்ணை இன்னொரு முறை எழுதிப் பாருங்கள்.